கொசுவுக்கு நூற்புழு: டிரம்முக்குள் எது வேலை செய்யும்?

வட ஆற்காட்டுக்காரர்களுக்கு நூற்புழு புதிய உறவு அல்ல. யானைக்கால் நோயைத் தரும் உச்செரேரியா பான்கிராஃப்டி ஒரு நூற்புழுதான். சாக்கடையில் பிறக்கும் கியூலெக்ஸ் கொசு, நோய் இருப்பவரின் ரத்தத்தோடு அந்தப் புழுவின் குஞ்சுகளையும் உறிஞ்சி, பத்துப் பன்னிரண்டு நாள் தன் உடம்பில் வைத்து வளர்த்து, அடுத்தவர் தோலில் இறக்கிவிட்டுப் போகும். குஞ்சுகள் தோலை ஒட்டிய ரத்தக் குழாய்களுக்கு வருவது நடுராத்திரியை ஒட்டித்தான். அதனால்தான் சுகாதாரத் துறையினர் தூங்குகிறவர்களை எழுப்பி, விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். வேலூரின் பழைய தெருக்களில் இருப்பவர்களுக்கு அது ஞாபகம் இருக்கும்.

இப்போது அதே நூற்புழு வகையறாவின் வேறொரு கிளையைக் கொண்டு கொசுவையே ஒழிக்கலாம் என்ற பேச்சு இயற்கை வேளாண்மை ஆர்வலர்கள் நடுவே சுற்றி வருகிறது. கரும்புத் தோட்டத்து மண்ணில் இருக்கும் புழுவை எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் விட்டால் போதும், தொட்டியில் ஊற்றும் அபேட் மருந்து வேண்டாம், புகை வேண்டாம் என்கிறார்கள். இதில் பாதி உண்மை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புழு மண்ணுக்குரியது; அதை மண்ணில் விட்டால் பலன் உண்டு, தண்ணீரில் விட்டால் அநேகமாக இல்லை. கொசு விஷயத்தில் நாம் உற்றுப் பார்க்க வேண்டியது அந்தப் புழு தன் குடலில் சுமந்து திரியும் பாக்டீரியாவை. அதுவும் இன்னும் ஆய்வுக்கூடத்து வாசற்படியைத் தாண்டவில்லை.

விவசாயிகள் நூற்புழு என்றதும் தக்காளி வேரிலும் கொய்யா வேரிலும் முடிச்சு போடும் வில்லனைத்தான் நினைப்பார்கள். நாம் பேசுவது அதுவல்ல. பூச்சிகளை மட்டும் தேடிப்போய்க் கொல்லும் இரண்டு பேரினங்கள் இருக்கின்றன: ஸ்டெய்னெர்நீமா, ஹெட்டெரோராப்டைடிஸ். முதலாவதற்குத் துணை ஜெனோராப்டஸ் என்ற பாக்டீரியா, இரண்டாவதற்கு போட்டோராப்டஸ். இந்த ஜோடிகள் மாறுவதில்லை.

மண்ணில் அலைவது இந்தப் புழுவின் மூன்றாம் பருவக் குஞ்சு. நீளம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். வெறும் கண்ணுக்குத் தெரியாது. அது எதையும் தின்னாது, வாயே மூடியிருக்கும். குடலில் நூறு இருநூறு பாக்டீரியாக்களை வைத்துக்கொண்டு, மண் துகள்களின் மேல் படிந்திருக்கும் மெல்லிய ஈரத்தில் ஊர்ந்து, பூச்சிப்புழு விடும் மூச்சுக் காற்றின் கரியமில வாயுவை மோப்பம் பிடித்துப் போகும். பூச்சியின் வாய், ஆசனவாய், பக்கவாட்டில் இருக்கும் மூச்சுத் துளை, எது கிடைத்தாலும் நுழைந்துவிடும். ஹெட்டெரோராப்டைடிஸுக்கு ஒரு சின்னப் பல் உண்டு. மெல்லிய தோலாக இருந்தால் கிழித்துக்கொண்டும் போகும். உள்ளே போனதும் பாக்டீரியாவைக் கக்கும். அது பூச்சியின் ரத்தத்தில் பெருகி நஞ்சைக் கொட்டும். ஒரு நாள், அதிகம் போனால் இரண்டு நாள், பூச்சி காலி.

அதற்குப் பிறகு நடப்பதுதான் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி. செத்த பூச்சி அழுகாது. பாக்டீரியா பலவகை நுண்ணுயிர்க்கொல்லிகளைச் சுரந்து மற்றக் கிருமிகளை அண்டவிடாமல் பார்த்துக்கொள்கிறது. எறும்புகள்கூட அந்தப் பிணத்தை ஒதுக்கிவிட்டுப் போகும்படியான பொருளையும் உண்டாக்குகிறது. அந்தக் காவலுக்குள் நூற்புழுக்கள் பாக்டீரியாவையும் கரைந்த சதையையும் தின்று இரண்டு மூன்று தலைமுறை பெருகும். இரை தீர்ந்ததும் மீண்டும் மூன்றாம் பருவக் குஞ்சுகளாகி, பாக்டீரியாவைக் குடலில் கட்டிக்கொண்டு வெளியேறும். தேன்கூட்டில் வளரும், நன்றாகக் கொழுத்த ஒரு மெழுகுப் புழுவிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேல் குஞ்சுகள் வருவதுண்டு. இந்தக் காவல் மருந்துகள் மீது இப்போது மருத்துவ உலகத்துக்கே ஒரு கண். டரோபாக்டின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி 2019-ல் போட்டோராப்டஸிலிருந்துதான் பிரித்தெடுக்கப்பட்டது.

ஹெட்டெரோராப்டைடிஸ் கொன்ற பூச்சி செங்கல் நிறத்துக்கு மாறிவிடும். முழு இருட்டில் பத்து நிமிடம் கண்ணைப் பழக்கிக்கொண்டு பார்த்தால் அது மங்கலாக ஒளிரும். நிலத்தில் வாழும் பாக்டீரியாக்களில் ஒளிரக்கூடியது போட்டோராப்டஸ் ஒன்றுதான். ஸ்டெய்னெர்நீமா கொன்றது பழுப்பாக இருக்கும், ஒளிராது. மண்ணில் இந்தப் புழு இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் வழி எளிது. ஈர மண்ணை ஒரு டப்பாவில் போட்டு, தேனீ வளர்ப்பவர்கள் திட்டும் அந்த மெழுகுப் புழுவை நாலைந்து உள்ளே விட்டு மூடி வைத்தால் போதும். மூன்று நான்கு நாளில் சிவந்து செத்துக் கிடந்தால் ஆள் இருக்கிறான்.

இதில் தமிழ்நாட்டுக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. வெப்பநாட்டு மண்ணுக்கு ஏற்ற இனம் என்று இன்று பல நாடுகளில் அறியப்படும் ஹெட்டெரோராப்டைடிஸ் இண்டிகா, கோயம்புத்தூர் கரும்பு வயலில் கிடைத்தது. கரும்பின் நுனிக்குருத்துப் புழுவிலிருந்து. 1992-ல் அதைப் புதிய இனமாக விவரித்தவர்கள் பாய்னர், கருணாகர், டேவிட் ஆகிய மூவர். குளிர்நாட்டு இனங்கள் முப்பது டிகிரியைத் தாண்டினாலே சோர்ந்துபோகும். இண்டிகா கொஞ்சம் கூடத் தாங்கும். ஆனால் கத்திரி வெயிலில் வேலூர் மேல்மண் சுடுகிற சூட்டைத் தாங்கும் என்று நினைத்துவிட வேண்டாம்.

சரி, தண்ணீருக்கு வருவோம்.

இந்தப் புழுவுக்கு நீச்சல் தெரியாது. அது ஊர்வதற்கென்றே ஆன பிராணி. 200 லிட்டர் டிரம்மில் ஊற்றினால் சிறிது நேரத்தில் அடியில் போய்ப் படிந்துவிடும். எண்ணிக்கை ஒரு பிரச்சினையே இல்லை. ஒரு மில்லிலிட்டருக்குப் பத்து என்று கணக்குப் போட்டாலும் டிரம்முக்கு 20 லட்சம் போதும். வயலில் ஏக்கருக்கு வழக்கமாக விடுவதே 100 கோடி. பிரச்சினை, கொசுப்புழு எங்கே மேய்கிறது என்பதில். மலேரியா தரும் அனாஃபிலிஸ் கொசுவின் புழு நீர்ப்பரப்பிலேயே படுத்து மேயும். அது அடியில் கிடக்கும் நூற்புழுவைச் சந்திக்கப்போவதே இல்லை. கியூலெக்ஸ் பெரும்பாலும் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு நடுத்தண்ணீரை வடிகட்டும். டெங்கு தரும் ஏடிஸ் மட்டும் அடிக்கும் சுவருக்கும் போய்ச் சுரண்டித் தின்னும். ஆய்வுக்கூடத்தில் இரண்டு விரற்கடை ஆழக் கிண்ணத்தில் சோதிக்கும்போது எல்லாக் கொசுப்புழுவும் அடியைத் தொட்டே தீரும். ஆகவே சாவு எண்ணிக்கை அழகாக வரும். அந்த எண்ணை எடுத்துக்கொண்டு மூன்றடி ஆழ டிரம்முக்கு வந்தால் ஏமாற்றம்தான்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. கொசுப்புழு நூற்புழுவைத் தின்கிறது. தின்னும்போது சில மென்று நசுக்கப்படும், சில குடலைத் தாண்டி உடலுக்குள் போகும். அப்படிப் போனதையும் ஏடிஸ் புழு சும்மா விடுவதில்லை. அதன் நோய் எதிர்ப்பு வேலை தொடங்கி, நுழைந்த புழுவைச் சுற்றிக் கருப்பு உறை ஒன்று படிந்து இறுகிவிடும். 1960-களிலேயே பதிவான விஷயம் இது. தப்பிப் பிழைத்த நூற்புழு கொசுப்புழுவைக் கொன்றாலும், கடுகு போன்ற அந்தச் சின்ன உடம்பில் அடுத்த தலைமுறை பெருக இரை போதாது. வயலில் ஒரு முறை விட்டால் தானே பெருகித் தொடரும் என்ற பெரிய லாபம் தண்ணீரில் கிடையாது. வேலூர் வெயிலில் ஏடிஸ் முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அந்த ஓட்டத்துக்கு இந்தப் புழு ஈடு கொடுக்காது.

ஆனால் புழுவை விட்டுவிட்டு பாக்டீரியாவை மட்டும் பார்த்தால் கதை மாறுகிறது. பிரேசிலிலும் தாய்லாந்திலும் ஆய்வாளர்கள் ஜெனோராப்டஸ், போட்டோராப்டஸ் பாக்டீரியாக்களைத் தனியாக வளர்த்து, அந்தக் குழம்பை ஏடிஸ் புழு இருக்கும் தண்ணீரில் கலந்து பார்த்தார்கள். நூற்புழு ஊசி போடாமலேயே, வாய்வழியாக விழுங்கிய கொசுப்புழுக்கள் சில நாளில் செத்தன. காரணம், போட்டோராப்டஸில் குடல் வழியாக வேலை செய்யும் நஞ்சுகளும் இருக்கின்றன. பிர்-ஏ, பிர்-பி என்ற ஜோடிப் புரதம் அதில் ஒன்று. இரண்டும் சேர்ந்தால்தான் கொல்லும், தனித்தனியே பயனில்லை. இது நீரில் மிதக்கும் சின்னத் துகள்களாகப் போகக்கூடியது, கொசுப்புழு எந்த மட்டத்தில் மேய்ந்தாலும் வாயில் அகப்படும். நூற்புழுவுக்கு எட்டாத இடம் பாக்டீரியாவுக்கு எட்டுகிறது.

வளர்ந்த கொசுவிடமும் ஒரு வேலை இருக்கிறது. 2019-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜெனோராப்டஸ் புடாபெஸ்டென்சிஸ் என்ற பாக்டீரியா சுரக்கும் ஃபேப்கிளேவின் என்ற பொருளை, கொசுவுக்குச் செயற்கைச் சவ்வு வழியாகக் கொடுக்கும் இரையில் சேர்த்தார்கள். கொசுக்கள் குடிக்காமல் விலகின. கடைகளில் விற்கும் விரட்டிகளில் இருக்கும் டீட், பிக்காரிடின் இரண்டுக்கும் அது சளைக்கவில்லை. எறும்பை அண்டவிடாமல் பிணத்தைக் காக்கும் பாக்டீரியாவிடம் இப்படி ஒரு பொருள் இருப்பதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் மனிதத் தோலில் பூசலாமா என்ற கேள்வி பாக்கி.

இங்கேதான் 'இயற்கை' என்ற சொல்லைக் கேட்டு மயங்கக் கூடாது. போட்டோராப்டஸ் ஏசிம்பயோட்டிகா என்ற நெருங்கிய உறவு மனிதர்களின் தோலிலும் சதையிலும் புண் உண்டாக்கியிருக்கிறது. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் நோயாளிகளிடமிருந்து பிரித்தெடுத்திருக்கிறார்கள். பிர் நஞ்சின் பங்காளி ஒன்று கடல்வாழ் விப்ரியோ பாக்டீரியாவில் இருக்கிறது. ஆசிய இறால் பண்ணைகளைக் காலி செய்த கொள்ளைநோய்க்குக் காரணம் அதுதான். ஆகவே உயிருள்ள பாக்டீரியாக் குழம்பைக் குடிக்கிற தண்ணீரில் கொட்டுவது என்ற யோசனைக்கே இடமில்லை. நஞ்சுப் புரதத்தை மட்டும் பிரித்து, உயிர் இல்லாத துகளாக்கி, எதைக் கொல்கிறது, எதைக் கொல்லவில்லை என்று பட்டியல் போட்ட பிறகுதான் அடுத்த பேச்சு. வீட்டில் மெழுகுப் புழுவைச் சிவக்க வைத்து, அதை நசுக்கி டிரம்மில் கரைக்கும் கைவைத்தியத்தை யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

வேலூர் வட்டாரத்துக்குக் கொசு ஒன்றல்ல, தண்ணீரும் ஒன்றல்ல. இந்தியாவில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் முதலில் அடையாளம் காணப்பட்டது 1955-ல், வட ஆற்காட்டில்தான். 1964-ல் சிக்குன்குனியா இங்கே பரவியபோது வேலூர் சி.எம்.சி.யில் அந்தக் கிருமியைப் பிரித்தெடுத்தார்கள். டெங்கு அதற்கும் பிறகு போகவே இல்லை. 2017-ல் தமிழகம் முழுக்க 23 ஆயிரம் பேருக்கு மேல் பாதித்தது. மூளைக்காய்ச்சலைக் கொண்டுவரும் கொசு நெல் வயலில் பிறக்கிறது, யானைக்கால் கொசு சாக்கடையில், டெங்குக் கொசு வீட்டுக்குள் நல்ல தண்ணீரில். 'தண்ணீர் இல்லாத ஆறு' என்று தங்கள் ஊரைத் தாங்களே கிண்டல் செய்துகொள்ளும் மக்கள் டிரம், சிமெண்ட் தொட்டி, தரைத்தொட்டி என்று தண்ணீரைப் பிடித்து வைக்காமல் என்ன செய்வார்கள்? குழாயில் விட்டுவிட்டு வரும் ஊரில் பிடித்து வைப்பது குற்றமில்லை. மூடாமல் வைப்பதுதான் ஏடிஸுக்கு வசதி. அதன் முட்டை தொட்டிச் சுவரில் ஒட்டிக் காய்ந்து மாதக்கணக்கில் கிடந்து, தண்ணீர் ஏறியதும் பொரிக்கும். வீடு வீடாகக் கொசுப்புழு சோதிக்க வரும் டிபிசி பணியாளர்கள் "வாரம் ஒரு தடவை பிரஷ் போட்டுத் தேய்ச்சுக் கழுவுங்கம்மா" என்று அலுக்காமல் சொல்வது அதனால்தான். கொட்டிவிட்டு மறுபடி பிடித்தால் மட்டும் போதாது.

நெல் வயலுக்கு வேறொரு நூற்புழு இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் இந்த விஷயம் முழுமையாகாது. மெர்மிதிட் குடும்பத்தைச் சேர்ந்த ரோமனோமெர்மிஸ். இதற்குப் பாக்டீரியாத் துணை கிடையாது, மண்ணில் ஊர்ந்து இரை தேடும் பழக்கமும் கிடையாது. தண்ணீரில் நன்றாக நீந்தும். கொசுப்புழுவைத் தேடிப் பிடித்து, தோலைத் துளைத்து நுழைந்து, ஒரு வாரம் பத்து நாள் உள்ளே சுருண்டு வளர்ந்து, பிறகு உடம்பைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். கொசுப்புழு அதோடு சாகும். வெளியே வந்த புழு சேற்றுக்குள் போய் இணைந்து முட்டையிடும். சேறு வேண்டும், காய்ந்து நனைகிற பருவம் வேண்டும். சொர்ணவாரியும் சம்பாவும் நவரையும் மாறிமாறி வரும் வயல் இதற்குச் சரியான வீடு. இந்தியாவில் கிடைத்த இனம் ஒன்றுக்கு, இங்கே கொசு ஆய்வு செய்த ஐயங்காரின் பெயரால் ரோமனோமெர்மிஸ் ஐயங்காரி என்று 1964-ல் பெயரிட்டார்கள். புதுச்சேரியின் கொசு ஆய்வு மையம் அதை நெல் வயல்களில் சோதித்திருக்கிறது.

அப்படியானால் ஏன் கடையில் இல்லை? இதை வளர்க்க உயிருள்ள கொசுப்புழு வேண்டும். கொசுவைக் கொல்லும் புழுவுக்காக லட்சக்கணக்கில் கொசு வளர்க்க வேண்டியிருக்கிறது. 1970-களில் அமெரிக்காவில் 'ஸ்கீட்டர் டூம்' என்ற பெயரில் இதன் முட்டைகளைப் பொட்டலம் போட்டு விற்றுப் பார்த்தார்கள். வழியிலேயே முட்டை கெட்டுப்போனது, வியாபாரம் படுத்தது. உப்பும் கழிவும் இதற்கு ஆகவே ஆகாது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் கழிவு கலந்த வாய்க்காலில் விட்டால் ஒரு பொழுதும் தங்காது. இதைவிடச் செலவில்லாத வழி நம் விவசாயிகளுக்கே தெரியும்: காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுவது. தண்ணீர் மறைந்து வயல் இரண்டு நாள் காய்ந்தால் கொசுப்புழு தானே சாகிறது. ஒரே சிக்கல், ஏரிப் பாசனத்தில் ஒருவர் மட்டும் அதைச் செய்ய முடியாது. மடையில் இருக்கிற எல்லாரும் ஒத்துப்போக வேண்டும்.

பாக்டீரியாவால் கொசுவைக் கொல்வது என்பது கனவல்ல, ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. 1976-ல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கிடைத்த பிடிஐ என்ற பாசில்லஸ் வகை, நூற்புழு எதுவும் இல்லாமல், தன் படிக நஞ்சாலேயே கொசுப்புழுவின் குடலைச் சிதைக்கிறது. நாலைந்து நஞ்சுகள் சேர்ந்து வேலை செய்வதால் கொசு அதற்குப் பழகிக்கொள்வது கடினம். குடிநீர்த் தொட்டியிலும் போடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட தயாரிப்புகள் இருக்கின்றன. அதன் தம்பி ஸ்ஃபேரிகஸ் சாக்கடைத் தண்ணீரிலும் நிற்கும். ஆனால் அதன் முக்கிய நஞ்சு ஒன்றே ஒன்று. 1990-களில் கொச்சியில் தொடர்ந்து தெளித்த இடங்களில் கியூலெக்ஸ் கொசு அதை எதிர்த்துப் பிழைக்கக் கற்றுக்கொண்டது. போட்டோராப்டஸ் நஞ்சின் உண்மையான மதிப்பு எனக்குத் தெரிந்தவரை இங்கேதான் இருக்கிறது. பிடிஐயை விரட்டிவிட்டு அதன் நாற்காலியில் உட்கார வேண்டியதில்லை. கொசு பழைய மருந்துகளுக்குப் பழகிப்போகும் நாளில் மாற்றிப் போட ஒரு புதிய நஞ்சு கையில் இருக்கும்.

நூற்புழுவை வாங்க ஆசைப்படுகிறவர்களுக்கு அது பயன்படும் இடம் வயல்காட்டில் இருக்கிறது. நிலக்கடலை, கரும்பு வேரைக் கத்தரிக்கும் வெள்ளைப் புழுவுக்கு ஹெட்டெரோராப்டைடிஸ் இண்டிகா நல்ல ஆள். கத்தரி வேரைத் தின்னும் கூன்வண்டின் புழுவுக்கும் சோதித்திருக்கிறார்கள். இலவம்பாடி முள்ளுக் கத்தரி போடுகிறவர்கள் விசாரிக்கலாம். மண் ஈரமாக இருக்கும்போது, பொழுது சாய்ந்த பிறகு விட வேண்டும். வெயில் பட்டால் சில நிமிடங்களில் சாகும். வாங்கிய பொட்டலத்தில் ஒரு சிட்டிகை எடுத்து நீரில் கரைத்து, பள்ளிக்கூட மைக்ராஸ்கோப் கிடைத்தால் பாருங்கள். நெளிந்தால் உயிர் இருக்கிறது, குச்சி மாதிரி நேராகக் கிடந்தால் காசு போனது.

வேலூரில் எந்தக் கல்லூரியாவது பாக்டீரியா நஞ்சைக் கொசுவுக்குச் சோதிக்க முன்வந்தால், கிண்ணத்தை விட்டுவிட்டு டிரம்மில் செய்யச் சொல்வேன். சாத்துவாச்சாரி வீட்டு டிரம் எப்படி இருக்குமோ அப்படி: மே மாதம், மொட்டை வெயில், காலையில் நாலு குடம் மொண்டு, அடுத்த முறை குழாயில் வந்ததும் நிரப்பி. மொள்ளும்போதெல்லாம் மருந்து குறைகிறது, நிரப்பும்போதெல்லாம் நீர்த்துப்போகிறது. ஆய்வுக்கூடக் கிண்ணத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. செத்த கொசுப்புழுவை எண்ணி நிறுத்திவிடக் கூடாது. இளசுகள் ஆயிரம் செத்தாலும் நெருக்கடி குறைந்து மிஞ்சியது கொழுத்து வளரும். வாரத்துக்கு ஒருமுறை டிரம்மில் எத்தனை கூட்டுப்புழு இருக்கிறது என்று எண்ண வேண்டும். வெளியே பறந்து வரப்போவது அதுதான்.